மாமா மகளின் ஆறாம் வகுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே பேசலாம்தான். ஆனால் நீ ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கேட்பாய், நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். இதை ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படி.

மாமா நேற்று வந்திருந்தார். அவர் பொண்ணு அஞ்சாவது முடிக்கிறாள். புதுக்கோட்டையில் நீ படித்த அரசு பெண்கள் பள்ளியிலேயே ஆறாவது சேர்க்கலாம் என்று இருந்த மனுஷனிடம், "அங்கே வேண்டாம் மாமா, பசங்களும் படிக்கிற இடமாகப் பாருங்கள். மீட்டிங்கில் ஆம்பளைங்க நாலு பேர் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது, எல்லாம் பெண்கள் பள்ளியில் படித்ததால்தான்" என்று சொன்னாயாம். மாமா குழம்பிப்போய் என்னிடம் கேட்கிறார். வாய் வரவில்லை என்றால் வரவில்லைதான், அதில் நான் என்ன சொல்ல. பழியைப் பள்ளிக்கூடத்தின் மேல் போட்டாயே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

2014 ஜூனில் உன்னை அங்கே சேர்த்தபோது வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அப்பாவுக்குப் பையன்கள் இல்லாத பள்ளி என்பதே போதும். அப்பாயிக்கு அதுகூட வேண்டாம். "நம்ம ஊரிலேயே எட்டாவது வரைக்கும் இருக்கு, பச்சைப் பிள்ளையை எதுக்கு பஸ்ஸில் ஏத்தி டவுனுக்கு அனுப்புற?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். என் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பார்கள்.

நம்ம ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆகஸ்ட் 15க்கு நான் வருஷா வருஷம் வருவேன், நினைவிருக்கிறதா? கொடிக்கயிறு கட்டுவது, மைக் செட் தூக்குவது, பெஞ்ச் போடுவது எல்லாம் பையன்கள். கோலம் போடுவது, மிட்டாய்த் தட்டு ஏந்துவது, முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது பிள்ளைகள். யாரும் அப்படிச் செய் என்று சொன்னதில்லை, அதுவாகவே நடக்கும். நீ அஞ்சாவது படித்தபோது பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கப் போனாய். ஒரு பொடியன் வந்து "நீ விடு" என்றான், நீயும் விட்டுவிட்டாய். உன்னைவிட அரை அடி குள்ளம் அவன். அந்த "நீ விடு"தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

உன் சேர்க்கைக்காகப் புதுக்கோட்டைக்கு வந்த அன்று, வராந்தாவில் ஒரு பெரிய பொண்ணு பெஞ்ச் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று ட்யூப் லைட் ஸ்டார்ட்டரைத் திருகிக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்டி" என்கிறாள். லைட் எரிந்ததும் இறங்கிக் கையைத் தட்டிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள். யாரும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. செய்ய வேறு ஆள் கிடையாது, அவ்வளவுதான். அப்பா ஆபீஸ் ரூம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

அந்த வருஷம் சுகமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் அறுபதுக்கு மேல் பிள்ளைகள். இரட்டைச் சடை மடித்துக் கட்டி, ரிப்பன் ஒரு விரல் இறங்கினாலும் பிரேயரில் வெளியே நிறுத்துவார்கள். சுடிதார் சீருடை உனக்கு அங்கேதான் முதன்முதலாக வந்தது. தையல் சங்கத்தில் அரசு சீருடை தைக்கிறவள் நான், என் பொண்ணுக்கு வந்த டாப்ஸ் தோள் முழங்கை வரை தொங்கியது. சங்கத்துக்கு வருவது சைஸ் அளவு, ஆள் அளவு இல்லை. பிரிக்கிற மாதிரி பெரிய பெரிய கைத்தையலாகப் பக்கத்தில் பிடித்துக் கொடுத்தேன். நீ வளர வளரப் பிரித்து விட்டுக்கொண்டே இருந்தேன். வருஷக் கடைசியில் பிடித்த தடம் மட்டும் கோடாகத் தெரிந்தது.

உடுப்பைவிட மோசம் உன் கூட்டாளிகள். பெண்பிள்ளைகள் மட்டும் இருந்தால் அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் இன்டர்வெலில் போய் நிற்க வேண்டும். இன்றைக்கு ஒருத்தியோடு டூ, நாளைக்கு அவளோடு பழம், மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு உன்னோடு டூ. "அவகூடப் பேசுனா எங்ககூடப் பேசாதே" என்று சீட்டு எழுதி உன் கணக்கு நோட்டில் வைத்துவிட்டார்கள். டவுன் பிள்ளைகள் டிபன் பாக்ஸ் கொண்டுவருவார்கள், பஸ்ஸில் வருகிறவர்கள் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு நீ மதியம் சாப்பிடாமலேயே இருந்திருக்கிறாய். சாயங்காலம் வந்ததும் பழையதை வழித்துத் தின்பதைப் பார்த்து நான் கண்டுபிடித்தேன். அப்புறம் யாரோ ஒரு சண்டைக்காரி, பின் பெஞ்ச்காரி, உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினாள், முட்டை வேண்டுமா வேண்டாமா என்று. அவளோடு இன்றைக்கும் பேசுகிறாய் என்று தெரியும்.

டீச்சரிடம் போய்ச் சொல்லட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். சண்டை போட்டு, தோற்று, சமாதானம் பேசி, கூட்டணி மாற்றி, எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். வாய் வராத பிள்ளை செய்கிற வேலையா இது? பிரேயரில் தினச் செய்தி வாசிக்க ஆறாம் வகுப்பு முறை வந்தபோது அத்தனை பிள்ளைகள் முன்னால் மைக்கைப் பிடித்து வாசித்தவள் நீ. முதல் நாள் ராத்திரி அடுப்படியில் எனக்கு வாசித்துக் காட்டினாயே, "குடியரசுத் தலைவர்" என்ற இடத்தில் மட்டும் தடுக்கிக்கொண்டே இருந்தது.

பொங்கல் கழிந்து நீ வயசுக்கு வந்தாய். அப்பாயி பதினாறு நாள் கணக்குச் சொன்னார். தாய்மாமன் என்று உன் மாமாதான் ஓலை வாங்கிவந்து குடிசை கட்டினார். மூன்றாம் பருவப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. சார்ட் ஒட்டுகிற வேலை பாக்கி, வகுப்பு வேலைக்குப் போடுகிற எஃப்.ஏ. மார்க் போய்விடும் என்று நீ குடிசைக்குள் உட்கார்ந்துகொண்டு அழுதாய். ஒன்பதாம் நாள் தலைக்கு ஊற்றி நான் பஸ் ஏற்றிவிட்டேன். சடங்கைப் பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம். அப்பாயி சத்தம் போட்டபோது, கட்டிய குடிசையைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டு, "புள்ள பள்ளிக்கூடம் போகட்டும் அத்தை" என்று சொன்னது யார் தெரியுமா? உன் மாமாதான். அந்த மாமாவுக்குத்தான் இப்போது நீ யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அன்று சாயங்காலம் நீ வந்து சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. "அம்மா, யாரும் ஒண்ணும் கேட்கலம்மா. டீச்சர் புதுயுகம் நாப்கின் பாக்கெட் எடுத்துக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான்." ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட் என்று கணக்கு. வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது போல அதுவும் ஒரு வேலை. ஒளித்து வைக்க வேண்டியதாக நீ அதை நினைக்கவே இல்லை. எனக்கு அதே காரணத்துக்காகத்தான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். வேறே காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

என் கதையை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், 1991இல், நம்ம மாவட்டத்துக்கு, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எட்டாவது படித்தவள் என்பதால் என்னையும் தொண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் கல் உடைக்கிற பாட்டிகளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். சைக்கிள் பழகியதும் அப்போதுதான். லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைத்தது? பார் வைத்த சைக்கிள்தான், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததும் பொம்பளைகள். ஆரம்பத்தில் ஆம்பளை யாராவது எதிரே வந்தால் சட்டென்று இறங்கி, சைக்கிளை யாருடையதோ போல நிறுத்திவிட்டு நிற்போம். கண்மாய்க்கரையில் எங்களுக்குள் மட்டும் இருக்கும்போது விழுவோம், முட்டி பெயரும், சிரிப்போம், மறுபடி ஏறுவோம். அப்படியே பழகிப் பழகி, ஒரு நாள் கடைத்தெருவில் அத்தனை பேர் பார்க்கும்போதும் இறங்கவில்லை. ஆம்பளைகள் நிற்கிற இடத்தில்தான் முதலில் பழக வேண்டும் என்று சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு வரை சைக்கிளைத் தொட்டிருக்கமாட்டேன்.

சரி, உன் வாய் எங்கே போச்சு என்று யோசித்துப் பார்த்தாயா? நான் யோசித்தேன். நீ நாலு வருஷம் இருந்த பொறியியல் கல்லூரி பையன்களும் பிள்ளைகளும் படிக்கிற கல்லூரிதானே? பஸ்ஸில் பிள்ளைகள் முன்னால், பையன்கள் பின்னால். கேன்டீனில் தனித்தனி வரிசை. காரிடாரில் ஒரு பையனிடம் ரெக்கார்ட் நோட்டு கேட்டதற்கு உன் ஐ.டி. கார்டைப் பிடுங்கிக்கொண்டு அபராதம் கட்டச் சொல்லி, வீட்டுக்கும் போன் பண்ணினார்கள். "ஒரு நோட்டு கேட்டதுக்கா சார்?" என்று நான் கேட்டேன். அவருக்குக் கோபம். நாலு வருஷம் ஆம்பளைகளோடு ஒரே கட்டடத்தில் உட்காரவைத்து, பேசினால் தண்டனை என்று பழக்கினால் மீட்டிங்கில் வாய் எப்படி வரும்? பேசாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தது பையன்கள் இருந்த இடம். பையன்கள் இல்லாத இடத்தில் நீ கத்தித் தீர்த்தவள்.

அந்தக் கல்லூரிக்கு நீ போனதற்கும் ஆறாம் வகுப்புதான் காரணம், அதையும் மாமாவிடம் சொல். சேர்க்கும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஆறாவதில் ஊக்கத்தொகை 1,000 ரூபாய் வரும் என்பதைத்தான் அப்பாயி பெரிதாகப் பேசினார். 2021இல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையே கொரோனாவில் ரத்தாகி, பத்தாவது மார்க்கிலிருந்து பாதியையும் மீதியைப் பதினொன்று, பன்னிரண்டிலிருந்தும் எடுத்துப் போட்டார்களே, அந்த வருஷம்தான் பொறியியலுக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டியது. கல்லூரியில் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு மாசாமாசம் பணம் தருகிற, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறிலிருந்து என்றுதான் கணக்கு. மாமா பார்த்து வைத்திருக்கிற தனியார் பள்ளியில் ஒரே ஒரு வருஷம் ஆறாவது படித்துவிட்டு ஏழாவதுக்கு இங்கே வந்தாலும் பின்னால் விண்ணப்பத்தில் அந்த ஒரு வருஷம் இடிக்கும். பணம் கட்டுகிற சக்தி அவருக்கு எவ்வளவு என்று உனக்கும் தெரியும்.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. இங்கிலீஷ் உனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பாத்ரூம் அப்போது நன்றாக இல்லை, நீ தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகினாய். இப்போது எப்படி என்று நானே போய்ப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பையன்களைப் பற்றி அப்பா கவலைப்பட்டது வீண், அவர்களை நீங்கள் கூட்டமாக நின்று முறைத்தே அனுப்பிவிட்டீர்கள்.

அதனால் மாமாவிடம் இன்னொரு தரம் பேசு. யோசித்த பிறகும் வேண்டாம் என்றுதான் தோன்றினால் அப்படியே சொல், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் பாத்ரூம் சரியில்லை, இங்கிலீஷ் போதாது என்று உண்மையான காரணத்தைச் சொல். வாய் வராததற்கு அந்தப் பள்ளியைச் சாட்சிக்கு இழுக்காதே. மீட்டிங் விஷயம் தனி. உன் டீமில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாயே, அவர்களிடம் முதலில் பேசிப் பார், அவர்களுக்கும் இதே கதையாக இருக்கும்.

பிள்ளைக்கு டி.சி. வாங்குவதற்கு முன் உன் பதில் வேண்டும் என்று மாமா காத்துக்கொண்டிருக்கிறார். அவர் பொண்ணும் அக்காவிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும் என்கிறாள், என்னவென்று என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா நம்பருக்குக் கூப்பிட்டு போனை அவளிடம் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
அம்மா