தேர் நின்றுவிட்டதா என்று கேட்டவருக்குச் சொல்ல முடியாத பதில்

கொழிஞ்சாம்பாறை,
ஆனி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கேமராவுக்கு மேல் பிடித்திருக்கும் குடையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. வீட்டில் அனைவரும் நலம். திருவிழா நேரலைக்கு, படத்தைச் சுருக்கித் தரும் என்கோடிங் கார்டு வாங்கத்தான் வேண்டுமா, நல்ல பிராசஸர் இருந்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

கல்பாத்தியில் தேர்கள் ஒன்றுகூடும் கடைசி நாள் மாலை, லேப்டாப்பின் பிராசஸரை மட்டும் நம்பி நேரலை செய்துகொண்டிருந்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. கூட்டம் நெருங்கி, மேலிருந்து பூவிதழ்கள் கொட்டத் தொடங்கியதும் லேப்டாப்பின் விசிறி இரைந்தது, படம் உறைந்தது. அடுத்த நிமிடமே துபாயிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து, "தேர் நின்றுவிட்டதா, தம்பி?" என்று கேட்டார். தேர் என் கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருந்தது.

காரணம் எளிய கணக்குதான். வீடியோ என்பது ஃபிரேம் எனப்படும் தனித்தனிப் படங்களின் வரிசை; நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 40 மில்லிநொடி. 50 ஃபிரேம் என்றால் அதில் பாதி. 1920க்கு 1080 அளவுள்ள படம், நிற விவரத்தைக் குறைத்து வைக்கும் வழக்கமான 8 பிட் 4:2:0 வடிவில், நொடிக்கு ஏறத்தாழ 62 கோடி பிட் வருகிறது. அதை 60 லட்சம் பிட்டாக, அதாவது நூறில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் நாம் அனுப்புகிறோம். எச்.264 என்ற சுருக்க முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் 16க்கு 16 புள்ளிகள் கொண்ட 8,160 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது என்று தேடப்படுகிறது. கோபுரம் அசையாதாகையால் அங்கே தேடல் உடனே முடிந்துவிடும். ஆயிரம் பூவிதழ்கள் ஆயிரம் திசையில் விழும்போது அந்த 40 மில்லிநொடிக்குள் முடிவதில்லை. நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படத்தில் 50 ஃபிரேம் என்றால் இதே கணக்கு எட்டு மடங்காகிவிடும்.

பதிவு செய்து வைத்த கல்யாண வீடியோவுக்கு இரவு முழுக்க நேரம் உண்டு; நேரலைக்கு அது கிடையாது. கார்டில் இந்தத் தேடலுக்கென்றே சிலிக்கானில் தனிப் பகுதி இருப்பதால், காட்சி எவ்வளவு கலவரமாக இருந்தாலும் அதன் வேகம் பெரும்பாலும் குலையாது. பிராசஸரும் எழுத்துப் பட்டைக்கும் ஒலிக்கும் மிச்சப்படும். இத்தகைய தனிப் பகுதியை இன்டெல் 2011இல் குவிக் சிங்க் என்ற பெயரில் தன் பிராசஸருக்குள்ளேயே வைத்தது; என்விடியா 2012இல் என்வென்க் என்ற பெயரில் தன் கிராபிக்ஸ் கார்டுகளில் கொண்டுவந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நொடிக்கு அனுப்பும் பிட் அளவு, அதாவது பிட்ரேட், ஒன்றாகவே இருந்தால், நேரம் எடுத்துக்கொண்டு செய்யும் மென்பொருள் தரும் தெளிவைப் பழைய கார்டுகள் தரவில்லை. பூமழை கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். 2018க்குப் பிறகு வந்த தலைமுறைகளில் அந்தக் குறை பெருமளவு குறைந்தது. எப்படியும், சற்று மங்கலாக நகரும் தேர், துல்லியமாக நின்றுவிட்ட தேரைவிட எனக்கு மேல்.

கடைக்காரர் எடுத்துக்கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதே. கேமராவிலிருந்து எஸ்டிஐ அல்லது எச்டிஎம்ஐ என்ற கேபிள் வழியாகப் படத்தை உள்ளே எடுக்கும் கேப்சர் கார்டு வேறு, அதைச் சுருக்கும் கார்டு வேறு. இரண்டையும் செய்பவை சில, பெரும்பாலானவை முதல் வேலையை மட்டுமே செய்யும். கிராபிக்ஸ் கார்டு என்று பெயர் இருந்தாலும் என்விடியாவின் ஜிடி 1030இல் என்கோடர் பகுதியே கிடையாது. ஏவி1 என்ற புதிய சுருக்க முறைக்கான என்கோடர் உள்ளவை 2022இல் வரத் தொடங்கின. ஆனால் உன் ஊர் கேபிளில் இருக்கும் பழைய பெட்டிகள் அதை விரித்துக் காட்டாதாகையால், உனக்கு எச்.264 போதும்.

ஐப்பசித் தேருக்கு நீ வந்தால், என் கார்டையும் உன் கணினியில் மாட்டிப் பார்க்கலாம். எஸ்டிஐ கேபிள் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன்னுடையதையும் எடுத்து வா.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்