குலசை ஏவுதளத்துக்கு ஒரு பனங்காட்டுக் கடிதம்

இஸ்ரோ தலைவர் நாராயணன் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியபோது உடன்குடிப் பக்கத்து ஆட்களான எங்களுக்கும் சந்தோஷம்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, வட தென் துருவங்களுக்கு மேலே சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கை மேல் பறக்காதிருக்க வளைந்து போகவேண்டும். இங்கிருந்து நேரே தெற்கே போய்விடலாம், எரிபொருள் மிச்சம். புகையைக் குறைக்கும் வேலையில் பாதியை எங்கள் கடற்கரையே செய்து தருகிறது.

மீதி உங்கள் கையில். இங்கே வரப்போகிற எஸ்எஸ்எல்வி 500 கிலோ செயற்கைக்கோளைத் தூக்கும் 120 டன் ராக்கெட். முதல் அடுக்கில் மட்டும் சுமார் 87 டன் திட எரிபொருள். அதிலுள்ள அம்மோனியம் பெர்குளோரேட் என்ற குளோரின் கலந்த உப்பு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும்; கடலோர ஈரக்காற்றில் அது அமிலமாகும். திட எரிபொருளை நிரப்பி வைத்துக்கொள்ளலாம், சின்னக் குழுவே சில நாளில் ஏவிவிடலாம். அந்த வசதியை நான் மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் பனையில் கலயம் வானத்தைப் பார்த்து வாய் திறந்து தொங்குகிறது. உடன்குடிக் கருப்பட்டி அதில் சொட்டும் பதநீரில்தான் தொடங்குகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறதே, அமிலத்தை முறித்துவிடுமே என்று வேதியியல் படித்தவர்கள் கேட்கலாம். சரி, கிணற்றுக்கு யார் சுண்ணாம்பு தடவுவது?

வேறு வழி இருக்கிறது. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று, ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் உருவாக்கிய எஞ்சினோடு ராக்கெட்டை ஏவிக் காட்டியது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும்தான், குளோரின் கிடையாது. கரி உண்டு என்பதும் உண்மை. மழை எட்டாத உயரத்தில் கலக்கும் கரித்தூள் சீக்கிரம் இறங்காது. மீத்தேன் மண்ணெண்ணெயைவிடச் சுத்தமாக எரியும். கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினிலேயே வாழ்ந்த உங்களுக்கு இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

கேட்பது இரண்டு. கான்கிரீட் போடும்போதே திரவ ஆக்சிஜன், மீத்தேன் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் இடம் விடுங்கள். பிறகு இடித்துக் கட்டுவது இரட்டைச் செலவு. அப்புறம், முதல் ராக்கெட் கிளம்புமுன் கிணற்று நீர், எங்கள் செம்மணல் மேடான தேரியின் மண், பதநீர் மூன்றையும் சோதித்து, அளவுகளைத் தமிழில் ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். ஒவ்வோர் ஏவலுக்குப் பிறகும் அதே கிணறு, அதே பனை.

பதநீர் மாதிரி எடுக்க வருகிறவர்களை விடிகாலையிலேயே அனுப்புங்கள். வெயில் ஏறினால் புளித்துவிடும்.

இப்படிக்கு,
உடன்குடிப் பனங்காட்டுக்காரன்