அக்காவின் ரிப்போட்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஹட்டனில் மழை விட்டபாடில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, பிறகு பேசுவோம்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு மூன்று வகைக் குளிசை போட்டும் பிரஷர் 160க்குக் கீழே இறங்கவில்லை. கண்டியில் பார்த்த டாக்டர், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது என்றுதான் முதலில் கேட்டார். உன் தாத்தா நாற்பது ஆகுமுன்னே தேயிலைக் கவ்வாத்து மலையில் விழுந்தவர், மூளையில் இரத்தக் கசிவு. எனக்கும் முப்பதிலேயே பிரஷர். லயத்தில் எல்லோரும் கருவாட்டைத்தான் குற்றம் சொன்னார்கள். அதே கருவாட்டைத் தின்ற பக்கத்துக் காம்பராக்காரர் எண்பதைத் தாண்டினாரே!

அக்காவின் இரத்தத்தில் அல்டோஸ்டிரோன் கூட, ரெனின் மிகக் குறைவு. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் அல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. அது உப்பை வெளியே விடாமல் உடம்பில் பிடித்து வைக்கும், பின்னாலேயே தண்ணீரும் தங்கும், பிரஷர் ஏறும். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரந்து அல்டோஸ்டிரோனைக் கூட்டச் சொல்லும், போதுமென்றால் ரெனினை நிறுத்தும். அக்காவுக்கு ரெனின் அடங்கிக் கிடந்தும் அல்டோஸ்டிரோன் நிற்கவில்லை. சுரப்பியில் கட்டி இருந்தாலும் இப்படி வருமாம். ஸ்கேனில் கட்டி இல்லை. அதனால்தான் பரம்பரையைச் சந்தேகிக்கிறார்.

பரம்பரையாக வருவதில் ஒரு வகைக்குக் காரணமான மரபணுக் கோளாறை லிஃப்டன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 1992இல் கண்டுபிடித்தது. 8ஆவது குரோமோசோமில் அக்கம்பக்கமாக இருக்கும் இரண்டு மரபணுக்களின் துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு லயத்துக் குழாயை வேறு தொட்டியில் பூட்டியது மாதிரி, அல்டோஸ்டிரோன் ரெனினை விட்டுவிட்டு மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஏசிடிஎச் ஹார்மோனின் சொல்லைக் கேட்கத் தொடங்கிவிடும். இந்த வகைதான் என்றால் குறைந்த அளவு டெக்ஸாமெதசோன் மருந்தே ஏசிடிஎச்சைக் குறைத்து அதை அடக்கும். மரபணுப் பரிசோதனை இனித்தான். இப்போதைக்கு அல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் குளிசை கொடுத்திருக்கிறார்.

இது அபூர்வம்தான். ஊரில் பலருக்கும் வரும் பிரஷரில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கை வைக்கின்றன, உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் எனக்கு அந்த ஒட்டிய மரபணு இருந்தால் உனக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெளிநாடு போகும் மெடிக்கலில் பாஸானேன் என்று சொல்லாதே, அதில் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

கட்டாரில் லீவு நாளில் பிரஷரைப் பார். காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடிய பிறகு அல்டோஸ்டிரோன், ரெனின், பொட்டாசியம் மூன்றுக்கும் இரத்தம் கொடு. பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்று மற்றதை விட்டுவிடாதே, இந்த வியாதியில் அது பலருக்குக் குறைவதில்லை. குடும்பக் கதையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

ரிப்போட் வந்ததும் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பு. என் போனில் எழுத்துத் தெரியாது.

அன்புடன்,
அப்பா