பால்மரத்து வேர்

கோலாலம்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

இன்னும் சைக்கிள் ஓட்டுகிறாயா என்று கேட்டிருந்தாய். ஆமாம், ஓட்டுகிறேன். முட்டி வலி அது பாட்டுக்கு இருக்கிறது. ஞாயிறு தவறாமல் புக்கிட் கியாரா குன்றுக் காட்டுப் பாதை. அது முன்பு ரப்பர் தோட்டம், தெரியுமில்லையா? பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன.

போன வாரம் அங்கே மாட்டிக்கொண்டேன். முந்தின நாள் மழை. எட்டரை மணி வெயில் அப்போதுதான் பாதையில் விழுந்திருந்தது. வளைவில் திரும்பினால், குறுக்கே கறுப்பாக ஒரு வேர். பாதை முழுக்க வேர்தானே, ஏறிப் போய்விடலாம் என்று விட்டேன். வேர் தலையைத் தூக்கியது. பிரேக்கை இறுக்கியதில் பின்சக்கரம் வழுக்கி, நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். படம் விரித்து நின்றது, நாலு முழ தூரத்தில். நம் ஊர்க் கறுப்பு நாகம் கண்ணைப் பார்த்து விஷம் துப்பும். முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, உட்கார்ந்தவாக்கிலேயே பின்னால் நகர்ந்தேன். துப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் படத்தைச் சுருக்கி, லாலான் புல்லுக்குள் போய்விட்டது.

நம் அம்மாக்கள் பால் வெட்ட, தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியோடு இருட்டில் இதே மரங்களுக்கு நடுவேதான் போனார்கள். "காலைத் தட்டி நட" என்பார்கள். அந்த அதிர்வு தரையில் போனால் பாம்பு தானாக விலகிவிடும். சைக்கிளுக்குக் கால் ஏது? பாம்பு விலகுவதற்குள் நாம் மேலேயே போய் நிற்கிறோம். குற்றம் என்னுடையதுதான்.

இப்போதெல்லாம் வெயில் விழுந்த வளைவில் மெதுவாகப் போகிறேன். கண்ணை மறைக்க நிறமில்லாத கண்ணாடி போடுகிறேன். ஒரு போத்தல் பச்சைத்தண்ணீர் தனியாக. கண்ணில் விஷம் பட்டால் உடனே கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கடித்தால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் அவசர எண் 999க்குக் கூப்பிடு.

நீ பினாங்கில் புக்கிட் பெண்டேரா மலைப் பக்கம் ஓட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளையோடு கிளையாகக் கிடக்குமே விரியன், அது காலைத் தட்டினாலும் நகராது. தொங்கும் கொடியைக் கையால் ஒதுக்காதே. மற்றபடி உனக்குத் தொல்லை குரங்குதான். போன மாதம் என் முதுகுப் பையிலிருந்த வாழைப்பழத்தை ஒன்று பிடுங்கிக்கொண்டு, எதிரிலேயே உட்கார்ந்து உரித்துத் தின்றது.

நாகக் கதையை அம்மாவிடம் சொன்னேன். பயப்படுவார் என்று பார்த்தால், "பால்மரக் காட்டுக்குள்ள இப்ப யாருடா உனக்குச் சம்பளம் கொடுக்கிறா?" என்கிறார்.

தீபாவளிக்கு வா. உனக்கும் ஒரு சைக்கிள் இரவல் வாங்கி வைக்கிறேன். நீ முன்னால் போகலாம்.

அன்புடன்,
மணியம்