டைசன் பற்றி எழுதும் விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மைக் டைசன் பற்றிய உங்கள் கட்டுரைகளில் ஜிம் ஜேக்கப்ஸ் என்ற பெயர் தவறாமல் வரும். 'டைசனின் மேனேஜர்' என்பதோடு சரி, அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள். அவர் தம் காலத்து அமெரிக்காவின் தலைசிறந்த ஹேண்ட்பால் ஆட்டக்காரர். அதை எழுத ஏன் யாருக்கும் மனம் வரவில்லை?

ஏழு பேர் சேர்ந்து கோல் போடும் ஆட்டத்தைச் சொல்லவில்லை. இது ஸ்குவாஷ் மாதிரி நான்கு சுவருக்குள் ஆடுவது. 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். மட்டை கிடையாது, கையுறை மாட்டிய கையால் கெட்டியான சின்ன ரப்பர் பந்தை அறைய வேண்டும். ஆட்டத்துக்கு முன் வெந்நீரில் கையை ஊறவைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மட்டை இருந்தால் பேக்ஹேண்டில் சமாளிக்கலாம். இங்கே இடப்பக்கம் வரும் பந்துக்கு இடக்கைதான். வலக்கைக்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். முன்சுவரின் அடியில், தரையோடு தரையாகப் பந்து பட்டுவிட்டால் எழும்பாமல் உருண்டோடும். அப்புறம் எடுக்கவே முடியாது.

இந்த ஆட்டத்தில் ஜேக்கப்ஸ் ஆறு முறை தேசிய ஒற்றையர் சாம்பியன். முதல் பட்டம் 1955இல். ஆறாவதை 1965இல் வென்றபோது வயது 35. மார்ட்டி டெகேட்டரோடு சேர்ந்து இரட்டையரிலும் ஆறு பட்டங்கள். இதிலெல்லாம் காசு பார்க்க முடியாது. அவர் கடைசிவரை அமெச்சூர்தான். பிழைப்புக்குக் கைகொடுத்தவை பழைய குத்துச்சண்டைப் படச்சுருள்கள். தேடித் தேடிச் சேர்த்தார், பில் கேட்டனோடு சேர்ந்து அதையே தொழிலாக்கினார். அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1998இல், அந்தச் சேகரிப்பை விளையாட்டுத் தொலைக்காட்சியான இஎஸ்பிஎன் வாங்கியது. நூறாண்டுக்கு முந்தைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன் காலத்துச் சண்டைகளை இன்று உட்கார்ந்த இடத்தில் பார்த்து எழுதுகிறோமே, அதில் ஜேக்கப்ஸுக்கும் பங்குண்டு.

தமக்கிருந்த ரத்தப் புற்றுநோயை ஜேக்கப்ஸ் வெளியே சொல்லாமலே வைத்திருந்தார். 1988 மார்ச் 21இல் டோக்கியோவில் டைசன் டோனி டப்ஸை வீழ்த்தினார். இரண்டே நாளில் நியூயார்க்கில் ஜேக்கப்ஸ் காலமானார். குத்துச்சண்டைக்காரர்கள் 1993இல் தங்கள் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் அவரை மறக்கவில்லை, சந்தோஷம்.

அடுத்த டைசன் கட்டுரையில் அந்த ஹேண்ட்பால் பட்டங்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். இடமில்லை என்று ஆசிரியர் சொன்னால், ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த பத்தியைக் குறையுங்கள். அது எல்லோருக்கும் மனப்பாடம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவர்