ஒருநாள் கருத்தரங்கு வேண்டாம், பன்னிரண்டு பிற்பகல்கள் தாருங்கள்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சிறுவர் அபிவிருத்திக் குழுக்களுக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், தோட்ட முகாமைத்துவங்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

ஒக்டோபர் முதலாம் திகதி வந்தால் தோட்டங்களில் சிறுவர் தினப் பதாகை கட்டுகிறார்கள். வாசகசாலையில் நூறு, நூற்றைம்பது பேரை இருத்தி, சட்டம், உரிமை, 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் என்று இரண்டு மணிநேரம் பேசி, பிஸ்கட்டும் பிளேன்டீயும் கொடுத்து அனுப்புகிறார்கள். பிள்ளையை அடிக்கக்கூடாது என்பது அந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்று யாரும் செய்து காட்டுவதில்லை. அதைச் செய்து பழக்கும் பெற்றோர் குழு அமர்வுகளுக்குத்தான் பன்னிரண்டு பிற்பகல்கள் கேட்கிறோம்.

அடி விழும் நேரம் எதுவென்று பாருங்கள். மாலை ஐந்து மணி. அந்திக் கொழுந்து நிறுத்து முடித்து, தோட்டம் கேட்ட கிலோவுக்குக் குறைந்ததால் அரைப்பேர் (அரைநாள் கூலி) மட்டும் விழுந்த ஒரு தாய், தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வருகிறார். விறகு ஈரம். அடுப்பு புகைகிறது. பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து கூட்டி வந்த நான்கு வயதுப் பிள்ளை சேலையைப் பிடித்து இழுக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் மாமியார், கணவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர். முன்திண்ணையான இஸ்தோப்பில் கடன்காரர். அங்கே எட்டக்கூடிய கைப்பழக்கம் ஒன்றைத்தான் நாம் கொடுக்க வேண்டும். சட்டப் பிரிவின் இலக்கம் அந்த அடுப்படிக்கு வராது.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல், சிறுவர் துன்புறுத்தலைத் தடுக்கப் பெற்றோருக்கான பயிற்சித் திட்டங்களைப் பரிந்துரைக்கிறது. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப்பில், நம்மைப் போலவே வறுமைப்பட்ட 40 குடியிருப்புகளில், 552 குடும்பங்களோடு பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாக நடந்த 14 அமர்வுத் தொடரின் முடிவுகள் 2018இல் வந்தன. அடியும் ஏச்சும் குறைந்தன. அந்தத் தொடரில் குடும்பச் செலவைத் திட்டமிடுவதும் சேமிப்பதும்கூடப் பாடமாக இருந்தன. கடன் தொல்லையைத் தொடாமல் கோபத்தைப் பற்றி மட்டும் பேசுவதில் பலன் குறைவு என்பதை மலையகத்தில் வேலை செய்யும் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான்: ஒரு குழுவில் 10 முதல் 12 பேர், கிழமைக்கு ஒரு தடவை இரண்டு மணிநேரம், 12 கிழமைகள். இடம் சிறுவர் அபிவிருத்தி நிலையம், அதாவது பிள்ளைக் காம்பரா. பிள்ளைகளும் ஆயாவும் அங்கேயே இருப்பதால் கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வி எழாது.

அமர்வுகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதல் நான்கு கிழமைகளும் தண்டனை என்ற பேச்சே வேண்டாம். பிள்ளையோடு நாளுக்குப் பத்து நிமிடம் இருப்பது, பிள்ளை காட்டும் விளையாட்டின் பின்னால் போவது, செய்த நல்லதைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது, இவ்வளவுதான். பத்து நிமிடத்துக்குத் தனி இடமோ பொம்மையோ தேவையில்லை. தாய் அடுப்பு ஊதும்போது பிள்ளை பக்கத்தில் இருந்து கறிவேப்பிலை உருவட்டும். "ஒவ்வொரு இலையா பாத்துப் பாத்து உருவுறியே" என்று சொன்னால் அது பாராட்டு. "கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொன்னால், எதைத் திரும்பச் செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. இந்த உறவு ஊறாமல் ஐந்தாம் கிழமைப் பாடமான ஏவல் சொல்லும் முறையை முதலில் கொடுத்தால், பிள்ளை அதை இன்னொரு வகை அடியாகவே எடுத்துக்கொள்ளும். அவசரப்படும் பயிற்றுநர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அதன் பிறகு ஏவல் சொல்லும் முறை. "கூத்தடிக்காத", "ஒழுங்கா இரு" என்பதில் பிள்ளை செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. பக்கத்தில் போய், பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து, "செருப்பக் கழட்டி வாசல்ல வை" என்று ஒன்றை மட்டும் சொல்லி, பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். இதை அமர்விலேயே இருவர் இருவராக நடித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பிள்ளை, ஒருவர் தாய். முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடித்துப் பழகாத வார்த்தை, கோபம் வரும்போது வாயில் வராது. நேரம் போதாது என்று பயிற்றுநர் நடிப்பை விட்டுவிட்டு விரிவுரை செய்தால், பழைய கருத்தரங்குக்கே திரும்பிவிட்டோம்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒன்று கட்டாயம். பிறந்து ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் அழுகை உச்சத்துக்குப் போகும், பிறகு குறையும். பால் கொடுத்து, துணி மாற்றி, காய்ச்சல் பார்த்தும் ஓயவில்லையென்றால் குழந்தையை மல்லாக்கப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு, சில நிமிடம் வாசலுக்குப் போய் மூச்சு விட்டு வரலாம். எந்த நிலையிலும் குலுக்கக்கூடாது. குலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும். இதைக் குடும்பநல உத்தியோகத்தர் பிரசவத்துக்கு முன்பே தகப்பனுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'தாய்மார் கூட்டம்' என்று அழைக்காதீர்கள். தாய் கொழும்பிலோ குவைத்திலோ இருக்கும் வீட்டில் பிள்ளையை வளர்ப்பது அம்மாயி அல்லது அப்பாயி. அந்த நாற்காலி அவர்களுக்குரியது. தகப்பன்மாருக்கு வேறு நேரம் வைத்தாலும் பரவாயில்லை, சம்பள நாளையும் அதற்கடுத்த நாளையும் தவிருங்கள். 'அடிக்கிற குடும்பங்கள்' என்று பட்டியல் போட்டு அழைத்தால் லயமே கதவைச் சாத்திவிடும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள எல்லா வீட்டையும் அழையுங்கள். வரவுப் பதிவேடு தோட்டக் காரியாலயத்துக்கோ பொலிசுக்கோ போகக்கூடாது. அதேவேளை, பிள்ளையின் உடம்பில் காயமோ பாலியல் துன்புறுத்தலோ தெரிந்தால் அது குழுவில் பேசித் தீர்க்கும் விடயம் அல்ல, 1929க்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் அறிவிப்போம் என்பதை முதல் அமர்விலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஒளித்துவைத்துப் பிறகு செய்தால் அது துரோகமாகத் தெரியும்.

நடத்துபவர்கள் இருவர்: சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரும், முந்திய குழுவில் இருந்த ஒரு பெற்றோரும். ஐந்து நாள் பயிற்சி போதாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அமர்வுக்கு வராதவரின் வீட்டுக்கு அதே கிழமைக்குள் போய் இருபது நிமிடத்தில் விட்டதைச் சொல்ல வேண்டும். இரண்டு அமர்வு தொடர்ந்து விட்டவர் வெட்கப்பட்டு மூன்றாவதுக்கு வரமாட்டார். கையேடும் லயத்துப் பேச்சில் இருக்கட்டும். 'நேர்மறை ஒழுக்காற்றல்' என்று அச்சடித்தால் யாருக்கும் புரியாது, 'அடிக்காம வழிக்குக் கொண்டுவாறது' என்றால் புரியும்.

இனி முகாமைத்துவங்களிடம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்றுதான் விறகும் உடுப்புத் துவைப்பும் கோயிலும். வேலை நாளில் பிற்பகல் இரண்டு மணிநேரம் தாருங்கள், கூலி குறையாமல். கணக்கு எளிது: 12 பேர், 2 மணிநேரம், 12 கிழமைகள் என்றால் 288 மணிநேரம். எட்டு மணிநேர வேலைக்கு ஒரு பேர் (ஒரு நாள் கூலி) என்று பார்த்தால், ஒரு குழுவின் முழுத் தொடருக்கும் 36 நாள் கூலி. அன்று பறிக்கக் கேட்கும் கிலோவிலும் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, அதை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். கிலோ குறைக்காமல் நேரம் மட்டும் கொடுத்தால், வந்தவருக்கு அரைப்பேர் விழும். இரண்டாம் கிழமை நாற்காலிகள் காலியாக இருக்கும்.

காலமும் முக்கியம். நுவரெலியாப் பக்கம் கொழுந்து பொங்கும் சித்திரை, வைகாசியில் தொடங்க வேண்டாம். தைப்பொங்கல் முடிந்த கிழமை தொடங்கினால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் பன்னிரண்டும் முடிந்துவிடும். பதுளைப் பக்கம் மார்கழி, தை மழை என்பதால் ஆனி பொருத்தம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு டிவிசனை (தோட்டப் பிரிவை) மட்டும் முதலில் எடுங்கள். எந்த டிவிசன், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதைத் துரையின் (தோட்ட முகாமையாளரின்) கையொப்பத்தோடு எழுத்தில் தாருங்கள், மற்ற ஏற்பாடுகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலையகத் தோட்டங்களில் பெற்றோர் குழுக்களோடு வேலை செய்பவர்கள்