தூக்கம் கலையும், மயக்கம் தெளியும்

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏற்காடு அடிவாரத்தில் வண்டி சறுக்கி விழுந்ததில் தலையில் பலமான அடி. இன்னும் ஐசியூவில்தான் இருக்கிறார். டாக்டர் 'கோமா' என்றதும் அத்தை, "ஆழ்ந்த தூக்கந்தானாம், எழுந்திருச்சுருவாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கேட்கவே மனசு தாங்கவில்லை.

அத்தை சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கிரேக்கத்தில் கோமா என்றால் ஆழ்ந்த உறக்கம்தான். பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலேயே அந்தச் சொல் உண்டு.

ஆனால் தூங்குகிறவரை உலுக்கினால் எழுந்துவிடுவார். கனவும் புரளலும் அவருக்கு உண்டு. கோமாவில் எவ்வளவு உலுக்கினாலும் விழிப்பு வராது. நம்மை விழிக்க வைக்கிற மூளைத்தண்டுப் பகுதியோ, பெருமூளையின் இருபுறமுமோ செயலிழந்து கிடக்கும். அதனால் பத்திரிகைகளில் எழுதுகிற 'ஆழ்மயக்கம்' எனக்குச் சரியாகப் படுகிறது. தூக்கம் தானே கலைந்துவிடும். மயக்கம் தெளிய வேண்டும், அதற்கு நாளாகும். அத்தையிடமும் இப்படித்தான் பக்குவமாகச் சொன்னேன்.

நேற்று நர்ஸ் பரிசோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அசைவில்லை. புருவ எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். மாமாவின் வலது கை மெதுவாக எழுந்து வந்து அந்த விரலைத் தள்ளப் பார்த்தது! நினைவு எவ்வளவு இருக்கிறது என்று இப்படிப் பார்ப்பதற்கு மதிப்பெண் இருக்கிறது. 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த முறை. அதிகபட்சமாகக் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 1 என்று 3 உண்டு. 8-ம் அதற்குக் கீழும் கோமா. மாமாவுக்கு 6 இருந்தது, நேற்று 7 ஆகியிருக்கிறது. கண் திறக்கவில்லை, பேச்சும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு எண் கூடியதில் வீட்டில் எல்லாருக்கும் சோறு இறங்கியது.

காதில் விழுந்தாலும் விழும், பேசிக்கொண்டே இருங்கள் என்கிறார் டாக்டர். உன் குரல் மாமாவுக்கு நன்றாகப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. பார்வையாளர் நேரம் மாலையில்தான், அதனால் மதியமே வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே போகலாம். அப்புறம், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. அத்தைக்கு அவள் பக்கத்தில் இருந்தால் தெம்பாக இருக்கும்.

அன்புடன்,
உன் மச்சான்